பீங்கான்களை அளந்த ஜோசபின் கொக்ரேன்

யாழ்ப்பாணத்தில் அக்கா வீட்டுக் குசினியிலுள்ள பாத்திரம் கழுவும் இயந்திரம் சில மாதங்களாக ஒரே குறையைக் காட்டியது. கீழ்த்தட்டுப் பீங்கான்கள் சுத்தமாக வரும். மேல்தட்டுக் கிளாசுகளில் வெள்ளைப் படிவும் பருப்புத் துணிக்கையும் அப்படியே ஒட்டியிருக்கும். வடிகட்டியைக் கழற்றிக் கழுவினோம், சவர்க்காரத்தை மாற்றினோம். இரண்டு நாள் சரியாக இருக்கும், பிறகு பழையபடிதான். உள்ளே என்ன நடக்கிறது என்று தேடிப் படிக்கப் போன இடத்தில்தான் ஜோசபின் கொக்ரேனின் கதை எனக்கு அகப்பட்டது.

1839இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தவர். தகப்பன் ஒரு பொறியியலாளர். 19 வயதில் வில்லியம் கொக்ரன் என்ற வியாபாரியை மணந்து, இலினோய்ஸ் மாநிலத்தின் ஷெல்பிவில் நகரில் வசதியாக வாழ்ந்தார். வீட்டில் அடிக்கடி விருந்து நடக்கும். பரம்பரைப் பீங்கான்கள் வேலைக்காரர் கையில் ஓரம் உடைவதைப் பொறுக்காமல் தானே கழுவத் தொடங்கினார். அந்த வேலை அவருக்குப் பிடிக்கவேயில்லை. இதற்கு ஒரு இயந்திரம் இல்லையென்றால் நானே செய்கிறேன் என்று இறங்கிவிட்டார்.

இதை ஒரு பணக்காரப் பெண்ணின் பொழுதுபோக்கு என்று எழுதுபவர்கள் அடுத்து நடந்ததை மறந்துவிடுகிறார்கள். 1883இல் கணவர் இறந்தார். கையில் மிஞ்சியது ஏறக்குறைய 1,500 டொலரும் பெருங்கடனும். 44 வயது விதவைக்கு அந்த இயந்திரம் இப்போது சோற்றுப் பிரச்சினை.

அவருக்கு முன்பும் சிலர் முயன்றிருந்தார்கள். 1850இல் ஜோயல் ஹோட்டன் பதிவுசெய்தது பாத்திரங்கள் மீது தண்ணீரைச் சிதறடிக்கும் மரப்பெட்டிதான். ஜோசபின் முதலில் செய்த காரியம் பீங்கான்களை அளந்தது. ஒவ்வொன்றின் அளவுக்கும் கம்பித் தட்டுகள் வளைத்தார். அவற்றைச் செப்புக் கொதிகலனுக்குள் படுத்திருக்கும் ஒரு சக்கரத்தில் பொருத்தினார். சக்கரம் சுழல, சூடான சவர்க்காரத் தண்ணீர் வேகமாகப் பீய்ச்சியடிக்கும். தேய்ப்பதற்குத் தூரிகை கிடையாது. அழுக்கைக் கழற்றுவது தண்ணீரின் விசை. ஜோர்ஜ் பட்டர்ஸ் என்ற மெக்கானிக் உதவினார். மற்ற ஆண் தொழிலாளர்களோ, தங்கள் முறை தோற்ற பிறகுதான் இவர் சொன்னபடி செய்தார்களாம். 1886 டிசம்பர் 28ஆம் திகதி காப்புரிமை கிடைத்தது.

விற்பதுதான் அதைவிடக் கடினம். தகப்பனோ கணவரோ கூட வராமல் எங்கும் போய்ப் பழகாதவர், சிக்காகோவின் ஷேர்மன் ஹவுஸ் ஹோட்டல் மண்டபத்தைத் தனியே கடந்துபோய் ஓடர் வாங்கி வந்தார். 1893 சிக்காகோ உலகக் கண்காட்சியில் அவருடைய இயந்திரங்கள் சமையற்கூடங்களில் ஓடின, பரிசும் பெற்றன. ஹோட்டல்களும் வைத்தியசாலைகளும் வாங்கின.

வீடுகள் வாங்கவில்லை. விலை ஒரு காரணம். அவ்வளவு சுடுதண்ணீர் அந்தக் காலத்து வீடுகளில் இல்லை என்பது இன்னொன்று. மூன்றாவதைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன்: பல ஊர்களில் தண்ணீர் கடினமானது, சவர்க்காரம் நுரைக்காது.

எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரும் சுண்ணாம்புக்கல்லிலிருந்து வருவதுதானே. மேல்தட்டுக்குத் தண்ணீர் அடிக்கும் சுழல்கையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். துளைகளில் பாதி சுண்ணாம்பால் அடைபட்டிருந்தன. வினாகிரியில் ஊறவைத்து ஊசியால் குத்தி எடுத்தோம். ஆனால் குறை திரும்பத் திரும்ப வந்ததற்குக் காரணம் வேறு. வெளிநாட்டிலிருந்து வந்த அந்த இயந்திரத்தில் தண்ணீரின் கடினத்தன்மை மிகக் குறைவாகவே அமைக்கப்பட்டிருந்தது; தண்ணீரை மென்மையாக்கும் உப்புக்கான அறையும் வெறுமை. அளவை உயர்த்தி உப்பை நிரப்பிய பிறகு கிளாசுகள் தெளிந்தன. உப்புத்தான் மலிவு, அது கிடைக்கும் கடையைத் தேடுவது பெரும்பாடு.

ஜோசபினுக்கு அந்த வசதி இருக்கவில்லை. பெரிய சமையற்கூடங்களை நம்பியே தன் கம்பனியை நடத்தி, 1913இல் சிக்காகோவில் காலமானார். 1926இல் அந்தக் கம்பனியை ஹோபார்ட் நிறுவனம் வாங்கியது. அதன் கிச்சன்எய்ட் பெயரில் வீட்டுக்கான இயந்திரம் 1949இல், அவர் இறந்து 36 ஆண்டுகள் கழித்து, கடைக்கு வந்தது.