அச்சம் வென்ற கவிஞர்

அஞ்ச வேண்டியவற்றிற்கு அஞ்சுதல் அறிவுடைமை என்பது வள்ளுவர் கருத்து. ஆனால், இங்கு அஞ்சுதற்கு ஒன்றும் இல்லை என அறிவு சொல்லியும் உடல் நடுங்குமாயின், அவ்வச்சம் மனிதனுக்குத் தளையாகிவிடும். உயர்ந்த இடத்தில் நின்று கீழே நோக்குங்கால் தலை சுற்றுவதும் கால் தளர்வதும் பலர்க்கும் உண்டு. கொத்தரும் தச்சரும் நாள்தோறும் நின்று தொழில் செய்யும் உயரத்தில், கற்றறிந்தார் பலர் ஒரு நொடியும் நிற்கவியலாது மயங்குவர். இம்மயக்கத்தை இளமையிலேயே முயன்று வென்றவர், ஜெர்மானியப் பெருங்கவிஞர் கதே. காளிதாசரின் சாகுந்தலத்தை மொழிபெயர்ப்பில் கற்று வியந்து போற்றியவரும் இவரே.

கதே 1749ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 28ஆம் நாள் பிராங்க்பர்ட் நகரில் பிறந்தார். தந்தையார் சட்டம் பயின்ற செல்வர், கண்டிப்பு மிக்கவர். பிள்ளைகள் அச்சமின்றி வளரவேண்டும் என்பது அவர் கொள்கை. ஆதலால், இரவில் அவர்கள் தனியே உறங்கவேண்டும் எனப் பணித்தார். இருளுக்கு அஞ்சிய சிறுவர், படுக்கையை விட்டு மெல்ல எழுந்து பணியாளர் இருக்கும் இடத்தை நாடிச் செல்வர். தந்தையாரோ தம் மேலங்கியை உட்புறம் வெளியாகத் திருப்பி அணிந்து, எதிரே தோன்றி அவர்களை வெருட்டித் துரத்துவார். இதனால் அச்சம் இருமடங்காயிற்றேயன்றிக் குறைந்தபாடில்லை. அன்னையார் வேறு வழி கண்டார். அது பீச்சுப் பழங்கள் பழுக்கும் காலம். இரவில் அச்சத்தை அடக்கி உறங்கினால் காலையில் வேண்டுமளவு பழம் தருவதாக அவர் கூறினார். பிள்ளைகள் உறங்கினர், பழமும் பெற்றனர். அச்சத்தை அச்சத்தால் போக்கவியலாது என்பதற்கு இந்நிகழ்ச்சியே சான்றாகும்.

1765ஆம் ஆண்டில் கதே சட்டம் பயில லைப்சிக் நகரம் சென்றார். மூன்றாண்டுகள் கழிந்த அளவில் கொடிய நோய்வாய்ப்பட்டு வீடு திரும்பினார். நெடுநாள் படுக்கையில் கிடந்து உடல் தேறியபின், 1770ஆம் ஆண்டு இளவேனிற் பருவத்தில், எஞ்சிய கல்வியை முடிக்க ஸ்ட்ராஸ்பர்க் நகரை அடைந்தார். அந்நகர் அன்று பிரெஞ்சு மன்னர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. இன்றும் பிரான்சு நாட்டிலேயே உள்ளது.

அந்நகரின் பெருந்தேவாலயம் செந்நிற மணற்கல்லால் கட்டப்பட்டது. 1439ஆம் ஆண்டில் முடிவுற்ற அதன் கோபுரம் 142 மீட்டர் உயரமுடையது. கதே அங்குச் சென்ற காலத்தில் உலகிலேயே மிக உயர்ந்த கட்டடம் அதுவே. அதன் அழகு அவரது உள்ளத்தைக் கவர்ந்தது. ஆயினும், உயரத்தினின்று கீழே நோக்கும்போதெல்லாம் அவருக்குத் தலை சுற்றியது. பேரோசையும் அவருக்குப் பொறுக்கவில்லை. நோயாளரையும் அருவருப்பான பொருள்களையும் காணவும் மனம் கூசியது. உடல் தேறியும் உள்ளம் தேறவில்லையே என அவர் வருந்தினார். வருந்தியதோடு நில்லாது, இக்குறைகளை ஒவ்வொன்றாகக் களையத் துணிந்தார்.

மாலைதோறும் நகரப் படைவீரர் முரசுகள் பலவற்றை ஒருங்கே முழக்கிச் செல்வர். நெஞ்சே பிளக்கும் போன்ற அம்முழக்கத்தின் அருகே கதே வேண்டுமென்றே நடந்து சென்றார். மருத்துவ மாணவரோடு அமர்ந்து உடற்கூற்றுப் பாடம் கேட்டார். நோயாளரை அணுகிக் கண்டார். இவற்றினும் அரியது அவர் மேற்கொண்ட கோபுரப் பயிற்சி.

அவர் தன்னந்தனியராகக் கோபுரத்தின் மிக உயர்ந்த பகுதிக்கு ஏறினார். முடிக்குக் கீழே கழுத்துப் போன்று ஒடுங்கிய ஓரிடம் உண்டு. அங்குக் கால் மணி நேரம் அமர்ந்திருந்தார். நெஞ்சம் ஒருவாறு அமைதியுற்றபின் வெளியே அடியெடுத்து வைத்தார். அங்கிருந்ததோ ஒரு முழ நீளமும் ஒரு முழ அகலமுமே இருக்கும் எனத்தக்க சிறு மேடை. பற்றிக்கொள்வதற்கு உறுதியான பிடி ஏதும் இல்லை. கண்முன்னே எல்லையற்ற நிலப்பரப்பு விரிந்து கிடந்தது. தாம் நிற்கும் தேவாலயமோ கண்ணுக்குத் தெரியாதபடி அருகிலிருந்த சிற்ப வேலைப்பாடுகள் மறைத்தன. பலூனில் ஏறி வெட்டவெளியில் மிதப்பவன் நிலை போன்றது அது எனப் பின்னாளில் தம் வரலாற்றில் அவர் எழுதினார்.

முதல் நாளிலேயே அவர் வெற்றி கண்டாரல்லர். அச்சமும் துன்பமும் வருத்த, மீண்டும் மீண்டும் ஏறினார். கண்ணும் மனமும் அவ்வுயரத்திற்குப் பழகி, அக்காட்சி அவரை வருத்தாது போகும்வரை ஏறிக்கொண்டே இருந்தார். இக்காலத்து உளமருத்துவரும், ஒருவர் எதற்கு அஞ்சுகிறாரோ அதனைப் படிப்படியாக எதிர்கொள்ளச் செய்தே அச்சத்தைப் போக்குகின்றனர். அம்முறையை மருத்துவர் எவரும் கூறாமலே கதே தாமாகக் கண்டறிந்து தம்மேல் நடத்திப் பார்த்தார்.

இப்பயிற்சியோடு, அக்கோபுரத்தை அவர் கூர்ந்து நோக்கியும் வந்தார். அதன் அமைப்பு முற்றுப்பெறவில்லை என்றும், மேலும் நான்கு மெல்லிய சிகரங்கள் எழுப்பப்பட்டிருத்தல் வேண்டும் என்றும் ஒருநாள் கூறினார். அங்கிருந்த ஒருவர் வியந்து, இதனை உமக்குச் சொன்னவர் யார் என வினவினார். அக்கோபுரமே தமக்குச் சொல்லிற்று எனக் கதே விடையிறுத்தார். பழைய வரைபடங்களை எடுத்துப் பார்த்தபோது, அவர் கூற்று உண்மையென விளங்கிற்று.

1771ஆம் ஆண்டில் சட்டக் கல்வியை முடித்த கதே, 1775ஆம் ஆண்டில் வைமார் சென்று அந்நாட்டு அரசியற் பணியில் அமர்ந்தார். சுரங்கங்களையும் பாறைகளையும் ஆராய்வதில் ஈடுபட்டார். 1777ஆம் ஆண்டு டிசம்பரில், பனி மூடிய புரோக்கன் மலையுச்சியை அடைந்தார். 1779ஆம் ஆண்டு நவம்பரில், ஆல்ப்ஸ் மலையின் பூர்க்கா கணவாயைப் பனியினூடே கடந்தார். 1786ஆம் ஆண்டில் ரோம் நகரடைந்து, புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடத்தில் ஏறினார். மறு ஆண்டு வெசூவியஸ் எரிமலையில் மும்முறை ஏறினார். பெருங்கட்டடங்கள் எழும்பும் இடங்களில், தச்சரோடு போட்டியிட்டு, பிடிப்பற்ற உத்தரங்களின்மேல் ஓடவும் அவர் வல்லவரானார். உயரத்தில் அமைந்த சிற்பங்களை அணுகிக் காண இத்திறன் அவருக்குத் துணைபுரிந்தது. ஸ்ட்ராஸ்பர்கில் பட்ட துன்பம் வாழ்நாள் முழுவதும் பயன் தந்தது.

ஆயினும், துணிவு வேறு. பதறிச் செய்தல் வேறு. உயரத்தில் பணிபுரிவோர் இன்று காப்புக் கயிறு பூட்டிக்கொண்டே தொழில் செய்கின்றனர். அது கோழைமை அன்று, அறிவுடைமையே ஆகும். கதேயிடம் நாம் கற்கத்தக்கது உத்தரத்தின்மேல் ஓடும் ஓட்டமன்று. தம் குறையை மறையாது உணர்ந்து, விடாது முயன்று களைந்த உறுதியே ஆகும்.

1831ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 27ஆம் நாள், தமது 82ஆம் பிறந்தநாளுக்கு முந்தைய நாளன்று, கதே இல்மெனாவ் நகரை அடுத்த கிக்கல்ஹான் மலைக்குச் சென்றார். இளமையில் அங்கு ஒரு மரக்குடிலின் சுவரில் தாம் எழுதிய சிறு கவிதையை மீண்டும் காண விரும்பினார். அக்குடிலின் மேலறைக்குச் செல்லும் படிகள் செங்குத்தானவை. உடன் வந்தவர் தாங்கிப் பிடிக்க முன்வந்தார். முதுபெருங் கவிஞர் அத்துணையை அன்புடன் மறுத்துத் தாமே படியேறிச் சென்று, தம் கவிதையைப் படித்துக் கண்ணீர் உகுத்தார். அடுத்த ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22ஆம் நாள் வைமாரில் மறைந்தார். உயரங்கண்டு தலைசுற்றிய இளைஞர், முதுமையிலும் பிறர் கை பற்றாது படியேறும் பெற்றியராயினார் எனின், அது முயற்சி தந்த பேறன்றோ!