நாய் ஏன் நம் பேச்சைக் கேட்கிறது? பாவ்லோவ் வாழ்க்கையில் இருக்கும் பதில்

பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டாலே பக்கத்து ரூமில் தூங்கும் நாய் எழுந்து ஓடிவரும். சத்தம் வந்தால் சாப்பாடு வரும், அவ்வளவுதான் அதன் கணக்கு. இந்தக் கணக்கை எச்சில் துளிகளை எண்ணி நிரூபித்தவர், ரஷ்ய விஞ்ஞானி இவான் பாவ்லோவ்.

யார் இவர்?

1849-ல் ரஷ்யாவின் ரியாசான் நகரில் பிறந்தார். அப்பா பாதிரியார். மகனும் அதே வழிக்குத்தான் படித்தார். ஆனால் அறிவியல் ஆர்வம் இழுக்க, 1870-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டார். 1904-ல் நோபல் பரிசு. ரஷ்யர் ஒருவருக்குக் கிடைத்த முதல் நோபல் அது. பலரும் நினைப்பதுபோல 'மணியோசை' சோதனைக்காக அல்ல, செரிமானம் பற்றிய ஆய்வுக்காக!

எச்சில் சொன்ன சேதி

செரிமான ஆய்வில்தான் அந்த விசித்திரம் கண்ணில் பட்டது. சாப்பாடு வரும் முன்பே, அதைக் கொண்டுவரும் உதவியாளரைப் பார்த்ததுமே நாய்களுக்கு எச்சில் ஊறியது. மெட்ரோனோம், பஸ்ஸர் எனப் பல சத்தங்களை வைத்து பாவ்லோவ் சோதித்தார். சத்தம் முதலில், சாப்பாடு அடுத்து. இப்படிப் பலமுறை செய்தபின், சத்தம் மட்டுமே எச்சிலை வரவழைத்தது. சாப்பாடே தராமல் சத்தத்தை மட்டும் தொடர்ந்தால்? கொஞ்சம் கொஞ்சமாக எச்சில் நின்றுபோனது.

அப்போ 'உட்கார்' என்றால்?

எச்சில் தானாக ஊறுவது. உட்காருவது நாயே செய்வது. அதை விளக்க அமெரிக்காவின் தார்ன்டைக், ஸ்கின்னர் ஆய்வுகளும் தேவைப்பட்டன: எதைச் செய்தால் நல்லது கிடைக்கிறதோ, அதையே விலங்கு திரும்பச் செய்யும். உட்கார்ந்த நொடியிலேயே தீனி தரவேண்டும் என்று பயிற்சியாளர்கள் சொல்வது இதனால்தான். தாமதமானால் எதற்காகக் கிடைத்தது என்றே நாய்க்குப் புரியாது.

வெள்ளம் கற்றுத்தந்த பாடம்

1924 செப்டம்பரில் லெனின்கிராடில் பெருவெள்ளம். கூண்டுகளில் தண்ணீர் புகுந்து, கடைசி நேரத்தில்தான் நாய்கள் மீட்கப்பட்டன. பிறகு பார்த்தால், சில நாய்களுக்குக் கற்றதெல்லாம் காணாமல் போயிருந்தது. பயம் பல மாதப் பயிற்சியை அழித்துவிட்டது. கத்தியும் அடித்தும் நாயைப் பழக்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

மறுபக்கம்

இந்த அறிவுக்கு விலை கொடுத்தவை நாய்கள். உடலில் துளையிட்டுத்தான் எச்சிலும் வயிற்று நீரும் சேகரிக்கப்பட்டன. அறுவை சிகிச்சையில் இறந்த நாய்களும் உண்டு. அந்த வயிற்று நீரை மருந்தாக விற்று ஆய்வகத்துக்குப் பணமும் திரட்டினார்கள். பாவ்லோவுக்கும் இது தெரியாமல் இல்லை. 1935-ல் அவர் முயற்சியில் ஆய்வு நிறுவன வளாகத்தில் நாய்க்கு ஒரு நினைவுச்சின்னம் எழுந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில், 86 வயதில், நிமோனியாவால் பாவ்லோவ் இறந்தார். அந்த நாய் சிலை இன்றும் அங்கேயே நிற்கிறது.