எக்ஸ்ரே படம் காட்டிய கொடுமை: குழந்தைகளுக்காகப் பேசிய டாக்டர் ஹென்றி கெம்ப்

குழந்தை கட்டிலிலிருந்து விழுந்துவிட்டது என்கிறார்கள் பெற்றோர். எக்ஸ்ரே படமோ வேறு கதை சொல்கிறது. ஓர் எலும்பு இன்று முறிந்தது. இன்னொன்று சில வாரங்களுக்கு முன்பே முறிந்து கூடியிருக்கிறது. பெற்றோரே அடித்திருப்பார்கள் என்று நம்ப மருத்துவர்களுக்கே மனம் வராத காலம் அது. அந்த மௌனத்தை உடைத்தவர் டாக்டர் ஹென்றி கெம்ப்.

1922இல் ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாஜிகளின் கொடுமையால் சிறுவயதிலேயே நாட்டைவிட்டு வெளியேறி, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மருத்துவம் படித்தார்.

முதலில் அவர் ஆராய்ந்தது பெரியம்மை நோயை. அந்தப் பணி அவரைச் சென்னைக்கும் அழைத்து வந்தது. அம்மை கண்டவரின் வீட்டாருக்கு எதிர்ப்புச் சக்தி தரும் ஊசி போட்டு நோயைத் தடுக்க முடியுமா என்று அங்கே அவரது குழு ஆராய்ந்தது. முடிவுகள் 1961இல் வெளிவந்தன.

1956இல் டென்வரில் கொலராடோ பல்கலைக்கழகக் குழந்தை மருத்துவத் துறைத் தலைவரானார். காரணம் தெரியாத காயங்களோடு பிள்ளைகள் வந்தபடி இருந்தனர். எக்ஸ்ரே நிபுணர் ஜான் கேஃபி 1946லேயே இத்தகைய எலும்பு முறிவுகளைப் பதிவு செய்திருந்தார். கெம்ப் குழுவினர் 71 மருத்துவமனைகளில் விசாரித்தனர். ஒரே ஆண்டில் 302 குழந்தைகள். அவர்களில் 33 பேர் இறந்துபோயினர்.

1962இல் வெளிவந்த அவர்களின் கட்டுரை நாட்டையே உலுக்கியது. பெற்றோர் சொல்லும் காரணம் காயத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் உடல் முழுவதும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று அது வலியுறுத்தியது. சில ஆண்டுகளிலேயே அமெரிக்க மாநிலங்கள் அனைத்தும் இதைப் புகார் செய்வதற்கான சட்டங்களை இயற்றின.

தண்டனை மட்டும் போதும் என்று அவர் நினைக்கவில்லை. அடிக்கும் பெற்றோரில் பலர் சிறுவயதில் அடிபட்டவர்களே என்பதைக் கண்டார். அவர்களுக்கும் சிகிச்சை வேண்டும் என்று 1972இல் டென்வரில் ஒரு மையம் தொடங்கினார். மனநல மருத்துவரான மனைவி ரூத் துணை நின்றார். 1984இல், 61 வயதில், கெம்ப் காலமானார்.

மலேசியாவில் 2001ஆம் ஆண்டு சிறார் சட்டப்படி, துன்புறுத்தலைச் சந்தேகிக்கும் மருத்துவர் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும். நாமும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அழுகையை அவர்கள் குடும்ப விஷயம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. தாலியான் காசே எண் 15999.