கங்காரு வாலில் தொடங்கிய கணக்கு: விஞ்ஞானி ஜி.என். ராமச்சந்திரன்

எங்கள் ஊத்தங்கரைப் பக்கம் பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் நாள் கிட்டத்தட்ட ஒரு பெருநாள்தான். மாநில அளவில் முதலிடங்கள் எடுத்த ஊர் என்ற பெயர் இருக்கிறதல்லவா! அப்படி ஒரு முடிவு வந்த வாரத்தில், ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது ஒரு தகப்பனார் என்னை நிறுத்தினார். மகள் நல்ல மதிப்பெண் எடுத்திருக்கிறாள், உயிர் வேதியியல் படிக்க ஆசைப்படுகிறாள். ஆனால் இனி ஆராய்ச்சியெல்லாம் செயற்கை நுண்ணறிவே செய்துவிடுமாமே, அதில் போய் இத்தனை ஆண்டுகளையும் பணத்தையும் போடலாமா என்பது அவர் கவலை.

நான் மதரஸாவில் ஓதியவன். கல்லூரியில் படித்ததும் கலைப் பாடம். அறிவியலில் ஆலோசனை சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனாலும் அவரிடம் ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொன்னேன். அதையே இங்கும் எழுதுகிறேன்.

கோபாலசமுத்திரம் நாராயண ஐயர் ராமச்சந்திரன் 1922 அக்டோபர் 8 அன்று எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தை கணிதப் பேராசிரியர். திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, 1942-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மின் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். சேர்ந்த சிறிது காலத்திலேயே சர் சி.வி. ராமன் அவரைத் தம் இயற்பியல் துறைக்கு இழுத்துக்கொண்டார். பின்பு கேம்பிரிட்ஜ் சென்று 1949-ல் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவரானபோது அவருக்கு வயது 30 தான். துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் அவருக்குப் பெரிய ஆதரவாக இருந்தார்.

அந்த ஆண்டில் சென்னைக்கு வந்த பிரிட்டன் விஞ்ஞானி பெர்னல், கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். கொலாஜன் நமக்கு அந்நியமான பொருள் அல்ல. தோல், எலும்பு, தசைநார் எல்லாவற்றுக்கும் உறுதி கொடுப்பது அதுதான். வாணியம்பாடி, ஆம்பூர் டேனரிகளில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பதப்படுத்துவதும் உண்மையில் இந்தக் கொலாஜனைத்தான். கிண்டியில் பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. அங்கிருந்து கங்காருவின் வால் தசைநார் கிடைத்தது! அதன் மேல் எக்ஸ் கதிரைச் செலுத்தி, விழுந்த புள்ளிகளை வைத்துக் கணக்குப் போட்டு, 1954-ல் ராமச்சந்திரனும் அவருடைய சகா கோபிநாத் கார்த்தாவும் ஒரு முடிவை வெளியிட்டார்கள். கயிறு திரிப்பதுபோல மூன்று இழைகள் சேர்ந்து முறுக்கிய அமைப்பு அது. அடுத்த ஆண்டு அதைத் தாங்களே திருத்தி மேம்படுத்தினார்கள்.

டி.என்.ஏ. புகழ் ஃபிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் மறுப்பு எழுதினார்கள். மூன்று இழை என்பது சரி, ஆனால் சென்னையில் போட்ட வரைபடத்தில் சில அணுக்கள் இருக்கக் கூடாத அளவுக்கு நெருக்கமாக நிற்கின்றன என்பது அவர்கள் வாதம். மறுத்தவர்களோ உலகப் புகழ் பெற்றவர்கள். வேறொருவராக இருந்தால் மனம் நொந்து ஒதுங்கியிருப்பார், அல்லது ஆயுள் முழுக்கச் சண்டை போட்டிருப்பார். ராமச்சந்திரன் கேட்டுக்கொண்ட கேள்வி வேறு. இரண்டு அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம்? அதற்கு எல்லை எது?

அதுவரை வெளிவந்திருந்த படிக அமைப்புகளையெல்லாம் புரட்டி, அணுக்களுக்கு இடையிலான தூரங்களைத் திரட்டினார்கள். புரதம் என்பது தஸ்பீஹ் மணிபோல அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. ஒவ்வொரு மணியிலும் சங்கிலி திரும்புவதற்கு இரண்டு திருகுகள் உண்டு. எந்தத் திருகை எவ்வளவு திருப்பினால் அணுவும் அணுவும் முட்டிக்கொள்ளும் என்று கோணம் கோணமாகக் கணக்கிட்டார்கள். பெரும்பகுதிக் கோணங்கள் ஆகாதவை என்று தெரிந்தது. ஆகும் இடங்கள் சில திட்டுகள் மட்டுமே. ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963-ல் வெளியிட்ட அந்தப் படத்தை இன்று உலகமே ராமச்சந்திரன் வரைபடம் என்கிறது. மறுத்தவர்கள் சொன்னதில் ஒரு பகுதி சரியென்றும் ஆயிற்று, மூவிழை அமைப்பும் நிலைத்தது.

ஹதீஸ் கலை ஓதியவர்களுக்கு இந்த வேலையின் மதிப்பு உடனே புரியும். ஒருவர் வஃபாத்தான பிறகு பிறந்த அறிவிப்பாளர், அவரிடம் நேரில் கேட்டதாகச் சொன்னால், செய்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடர் அறுந்தது என்று ஒதுக்கிவிடுவார்கள். நடந்திருக்க முடியாதது எது என்று முதலில் தெரிந்துகொள்ளும் கல்வி அது.

இனி அந்தத் தகப்பனாரின் கேள்விக்கு வருகிறேன். 2020-ல் கூகுளின் டீப்மைண்ட் நிறுவனம் உருவாக்கிய ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு, அமினோ அமில வரிசையைக் கொடுத்தால் புரதம் எப்படி மடியும் என்று சொல்லிக் காட்டியது. மனிதர் ஒரே ஒரு புரதத்துக்கு ஆண்டுக்கணக்கில் உழைத்த வேலை அது. 2022-க்குள் 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களுக்குக் கணிப்பு வந்துவிட்டது. 2024-ல் டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் வேதியியல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது. மீதிப் பாதி, புதுப் புரதங்களை வடிவமைத்த டேவிட் பேக்கருக்கு.

இதை நான் குறைத்துச் சொல்லவில்லை. மலைக்க வைக்கும் வேலைதான். ஆனால் அந்த இயந்திரம் எங்கே ஓதியது? 1971 முதல் உலக விஞ்ஞானிகள் ஒரு பொதுக் களஞ்சியத்தில் சேர்த்து வைத்த ஏறத்தாழ 1,70,000 புரத அமைப்புகளில். அவற்றில் பெரும்பாலானவை யாரோ எக்ஸ் கதிரோடு மல்லுக்கட்டி எடுத்தவை. தன் கணிப்பில் எந்தப் பகுதியில் நம்பிக்கை குறைவு என்று இயந்திரமே மதிப்பெண் போட்டுக் கொடுக்கிறது. அந்தப் பகுதிகளை ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்தால் பல கோணங்கள் ஆகாத இடத்தில் போய் விழுகின்றன. அதைப் பார்த்து, இதை நம்பலாமா, ஆய்வகத்தில் சோதிக்க வேண்டுமா என்று முடிவெடுக்க ஆள் வேண்டும். அந்தப் பெண் படிக்கட்டும் என்றுதான் நான் சொன்னேன். ஆனால் விடையை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கும் நம் ஊர்ப் பழக்கத்தோடு போனால் இந்தத் துறையில் இனி வேலை இருக்காது என்பதையும் சொன்னேன். அவருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

ராமச்சந்திரன் 1971-ல் பெங்களூரில் மூலக்கூறு உயிரியற்பியல் பிரிவைத் தொடங்கினார். அதே ஆண்டு லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, பல திசைகளில் எடுத்த எக்ஸ் கதிர்ப் பதிவுகளிலிருந்து உள்ளுறுப்பின் படத்தை மீட்டெடுக்க ஒரு கணக்கு முறையை வெளியிட்டார். சி.டி. ஸ்கேன் எடுக்கும்போது பின்னால் ஓடும் கணக்குக்கு அந்தக் கட்டுரையும் ஓர் அடிப்படை. 1977-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். நோபல் பரிசு கிடைக்கவில்லை.

கடைசி ஆண்டுகள் கடினமானவை. பார்க்கின்சன் நோய் பிடித்தது. 1998-ல் மனைவி இறந்தார். படிகவியலின் உயர்ந்த விருதான எவால்ட் பரிசு 1999-ல் வந்தது. 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் காலமானார். ஆல்ஃபாஃபோல்டு வர இன்னும் ஏறத்தாழ 20 ஆண்டுகள் இருந்தன. இன்றைக்கும் அந்தக் களஞ்சியத்தில் ஒரு புரத அமைப்பைச் சேர்த்தால் ஒரு சோதனை அறிக்கை வரும். அதில் ஆகாத கோணங்கள் எத்தனை என்று காட்டும் வரியில் ராமச்சந்திரனின் பெயர் இருக்கும்.