யுவான் சுவாங்

சீன யாத்திரிகர் யுவான் சுவாங் என்றதும், ஹர்ஷ சக்கரவர்த்தியின் ஆட்சிக்குச் சான்று பகர்ந்தவர் என்றே நம்மிற் பலர் நினைக்கின்றோம். ஆயின் அவர் அரசரைக் காண வந்தவரல்லர். ஓர் ஐயமே அவரை இந்நாட்டிற்கு ஈர்த்து வந்தது.

கி. பி. 602-ஆம் ஆண்டளவிற் பிறந்து, இளமையிலேயே துறவு பூண்ட அவர், தம் நாட்டு ஆசிரியர் பலரையும் அடுத்துப் பௌத்த நூல்களைப் பயின்றார். பயிலப் பயில மயக்கமே மிகுந்தது. புத்தர் பரிநிர்வாணமடைந்து ஆயிரம் ஆண்டுகள் கழிந்திருந்தன. அவருபதேசமும் பல கிளைகளாய்ப் பிரிந்திருந்தது. தேரவாதம் முதலிய பழைய நிகாயத்தார் பற்றறுத்து அருகத நிலை எய்துதலையே குறிக்கோளாகக் கொண்டனர். மகாயானத்தாரோ எல்லா உயிரும் உய்யும்பொருட்டுப் புத்தநிலையை நாடும் போதிசத்துவ நெறியையே உயர்ந்ததென்றனர். அம்மகாயானத்துள்ளும் நாகார்ச்சுனர் வழிவந்த மாத்யமிகர், எப்பொருளும் தனக்கெனத் தன்மையற்ற சூனியமே என்றனர். அசங்கர், வசுபந்து ஆகியோரைப் பின்பற்றிய யோகாசாரர், காணப்படுவன யாவும் விஞ்ஞானத்தின் தோற்றமே என்றனர். எல்லா உயிர்க்கும் புத்தநிலை கிட்டுமோ கிட்டாதோ என்னும் வினாவிற்கோ ஆசிரியர்தோறும் ஒரு விடை! சீன மொழிபெயர்ப்புக்களும் தம்முள் முரணின. மூல நூல்களைக் கண்டாலன்றி ஐயம் தீராதெனத் துணிந்தார்.

எல்லை கடத்தலை அரசாணை தடுத்தது. 629-ஆம் ஆண்டளவில் மறைந்தே புறப்பட்டார். பாலை நடுவில் நீர்ப்பை கைதவறிக் கவிழ்ந்தது. சிறிது தூரம் திரும்பி நடந்தார். கிழக்கே ஓரடியும் மீளேன் என்ற தம் விரதம் நினைவுக்குவர, மீண்டும் மேற்றிசை நோக்கினார். திரும்பிய அந்தச் சிறு தூரமே அவரை நமக்கு அண்மையராக்குகிறது.

நாளந்தையில் முதுபெருங் கிழவராகிய சீலபத்திரர் அவருக்கு யோகாசார நூல்களைக் கற்பித்தார். பின்னர்த் தெற்கே வந்தவர், 640-ஆம் ஆண்டளவிற் காஞ்சியை அடைந்தார். சீலபத்திரரின் ஆசிரியராகிய தருமபாலர் பிறந்த ஊர் அதுவே. இலங்கை செல்லவும் எண்ணினார். ஆங்கு நேர்ந்த குழப்பத்தையும் பஞ்சத்தையும் அங்கிருந்து வந்த துறவியர் கூறக்கேட்டுத் திரும்பினார்.

மீண்டும் நாளந்தை சேர்ந்தபோது, மாத்யமிகம் போதித்த ஆசிரியரொருவர் யோகாசாரத்தை மறுத்து வந்தார். இவ்விரண்டும் தம்முள் மாறுபட்டன அல்ல என்று காட்ட, யுவான் சுவாங் வடமொழியில் 3,000 சுலோகங்களில் ஒரு நூல் இயற்றினார். அந்நூல் இன்று இல்லை. அவரெழுதிய யாத்திரைக் குறிப்பினும் அதனையே நாம் விரும்பியிருப்போம்.

645-இல் 657 நூல்களோடு தாயகம் மீண்டார். முன்பு தடுத்த அதே பேரரசர் வரவேற்றார். 664-இல் இறக்கும்வரை மொழிபெயர்ப்பிலேயே காலங்கழித்து, 75 நூல்களை 1,335 சுருள்களாக முடித்தார். அவற்றுள் வசுபந்துவின் முப்பது சுலோகங்களுக்கு எழுந்த உரைகளைத் திரட்டியது ஒன்று. அதிற் காஞ்சித் தருமபாலரின் கருத்தே மேலோங்கி நிற்கிறது. புத்தநிலை எய்தற்குரிய வித்தில்லாத உயிர்களும் உண்டென்று அவர் மாணாக்கர் சாதித்தனர். ஏனைய சீனப் பிரிவினர் உடன்பட்டிலர். அவ்வழக்கு அவருக்குப் பின்னும் நெடுங்காலம் நடந்தது.