சுண்டெலியின் குருதியில் கண்ட உண்மை

விலங்கியல் செய்முறை வகுப்பில் குருதிப் பூச்சுக்குச் சாயம் ஏற்றும் நாளன்று நம் விரல்கள் மட்டுமல்ல, சட்டைக் கைகளும் நீலமாகிவிடுகின்றன. சென்ற ஆண்டு நான் கெடுத்த கண்ணாடித் தகடுகளின் கணக்கு ஆய்வக உதவியாளருக்குத்தான் தெரியும். இந்தச் சாயக் கலையைச் செம்மைப்படுத்தி, அதிலிருந்தே மருந்தையும் தேடிப் புறப்பட்டவர் பால் எர்லிக். 606 என்னும் மருந்தைக் கண்டவர் என்று பாடநூலில் ஒரு வரியோடு அவரை முடித்துவிடுகிறோம். அந்த ஒரு வரிக்குமுன் நூற்றுக்கணக்கான சுண்டெலிகள் இருக்கின்றன. நான் எழுத விரும்புவது அந்தச் சுண்டெலிகளைப் பற்றித்தான்.

எர்லிக் 1854 மார்ச் 14ஆம் நாள், இன்று போலந்து நாட்டிலுள்ள ஸ்ட்ரேலன் என்னும் சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். உறவினரான கார்ல் வைகர்ட் திசுக்களுக்குச் சாயம் ஏற்றுவதில் வல்லவர். அவரிடமிருந்து தொற்றிய ஆர்வம் எர்லிக்கைக் கடைசிவரை விடவில்லை. 1878இல் லைப்சிக்கில் மருத்துவப் பட்டம் பெற அவர் எழுதிய ஆய்வேடும் சாயங்களைப் பற்றியதே. ரெக்கார்டு நோட்டில் நாம் வரையும் இயோசினோஃபில் அணுவைச் சாயத்தால் வேறு பிரித்துக் காட்டியவரும் அவரே.

ஒரு சாயம் ஓர் அணுவை மட்டும் பற்றிக்கொண்டு பக்கத்து அணுவை விட்டுவிடுகிறதே, அது ஏன்? நாம் படம் வரைந்து மதிப்பெண் வாங்கியதோடு நிறுத்திக்கொள்ளும் இடத்தில் எர்லிக் இந்தக் கேள்வியைக் கேட்டார். கிருமியை மட்டும் பற்றும் சாயம் ஒன்று கிடைத்தால், உடலுக்குத் தீங்கின்றிக் கிருமியை மட்டும் கொல்லலாமே என்பது அவர் எண்ணம்.

1882இல் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டதாக அறிவித்ததும், அக்கிருமிக்குச் சாயமேற்றும் முறையை எர்லிக் செம்மையாக்கினார். ஏறிய சாயத்தை அமிலத்தாலும் கழுவ முடியாது என்பது அக்கிருமியின் தனி இயல்பு. சீல், நீல்சன் என்பவர்கள் பின்னர்த் திருத்திய அந்த முறையே உலகெங்கும் மருத்துவமனைகளில் சளி பார்க்கப் பயன்பட்டு வருகிறது. ஊழின் விளையாட்டைப் பாருங்கள்! 1888இல் எர்லிக் தம் சளியிலேயே அக்கிருமியைக் கண்டார். வேலையை விட்டு எகிப்துக்குச் சென்று, அங்கே தங்கி உடல் தேறி வந்தார்.

1891இல் மெத்திலீன் நீலத்தைக் கொண்டு மலேரியா நோயாளிகள் இருவருக்கு மருத்துவம் செய்து பார்த்தார். பலன் தெரிந்தது. ஆயினும் மேலே ஆராய வழியில்லை. மனித மலேரியாவைச் சிறு விலங்கில் வளர்க்க அன்று இயலவில்லை. எலிகளுக்கென உள்ள மலேரியா 1948இல்தான் காங்கோவில் கண்டறியப்பட்டது. ஆகவே அவர் பார்வை டிரிப்பனோசோமாவின் பக்கம் திரும்பியது. ஆப்பிரிக்காவில் தூக்க நோயைத் தரும் ஒட்டுண்ணியின் இனம் அது. அதைச் சுண்டெலியின் குருதியில் வளர்க்கலாம் என்று பாரிஸில் லாவரானும் மெஸ்னிலும் காட்டியிருந்தார்கள்.

வேலை நடந்த இடம் பிராங்க்பர்ட் நகரம். துணைக்கு வந்தவர் ஜப்பானியரான கியோஷி ஷிகா. வயிற்றுப்போக்குக் கிருமிக்கு நாம் சொல்லும் ஷிகெல்லா என்ற பெயர் இவருடையதுதான். தென் அமெரிக்காவில் குதிரைகளின் பின்கால்களை முடக்கும் நோயின் ஒட்டுண்ணியைச் சுண்டெலிக்கு ஏற்றினார்கள். ஏற்றிய சில நாட்களில் குருதியெங்கும் ஒட்டுண்ணிகள் நெளியும், சுண்டெலி இறந்துவிடும். நூற்றுக்கு மேற்பட்ட சாயங்களை ஒவ்வொன்றாகச் செலுத்திப் பார்த்தார்கள். ஒரு சிவப்புச் சாயம் சற்றே ஆயுளை நீட்டியது. ஆனால் அது நீரில் எளிதில் கரையவில்லை. உடனே எர்லிக் சாயத் தொழிற்சாலைக்குச் சொல்லி, கரையும்படி அதன் மூலக்கூறை மாற்றச் செய்தார். அப்படி வந்ததே டிரிப்பான் சிவப்பு. 1904இல் அது சுண்டெலிகளைக் காப்பாற்றியது. ஆய்வுக்கூடத்தில் செய்த ஒரு பொருளால், விலங்கின் உடலில் பரவிவிட்ட ஒட்டுண்ணியை ஒழிக்க முடியும் என்று உலகம் கண்டது.

இத்துடன் நின்றிருந்தால் இஃது ஒரு வெற்றிக் கதை. ஆனால் மற்ற வகை டிரிப்பனோசோமாக்களிடம் அந்தச் சாயம் தோற்றது. அதைவிடப் பெரிய அடி ஒன்றும் விழுந்தது. குணமானதாகத் தோன்றிய சுண்டெலிகள் சிலவற்றில் நாட்கள் கழித்து ஒட்டுண்ணி மீண்டும் தலைகாட்டியது. அதே மருந்தை மறுபடி கொடுத்தால் பலன் குறைந்தது. பிறகு பலனே இல்லை. அந்த ஒட்டுண்ணியை மருந்தே அறியாத புதுச் சுண்டெலிக்கு மாற்றினார்கள். அங்கும் அது மருந்துக்கு மசியவில்லை. மாறியது சுண்டெலியன்று, ஒட்டுண்ணியே என்பது இதனால் விளங்கிற்று.

வேறொருவராயின் நோட்டை மூடியிருப்பார். எர்லிக்கோ 1907ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தத் தோல்வியையே ஆராய்ச்சிப் பொருளாக்கினார். ஆர்சனிக் மருந்துக்கு மசியாத ஒட்டுண்ணி டிரிப்பான் சிவப்புக்கு மசிந்தது. டிரிப்பான் சிவப்புக்கு மசியாதது ஆர்சனிக்குக்கு மசிந்தது. எனவே ஒவ்வொரு வகை மருந்தும் ஒட்டுண்ணியில் தனித்தனி இடத்தைப் பற்றுகிறது என்று அறிந்தார். அரைகுறையாகக் கொடுக்கும் மருந்து கிருமிக்குப் பயிற்சியளிப்பதாகும். அடித்தால் ஒரே அடியில் அடிக்க வேண்டும், அல்லது வெவ்வேறு வகை மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

நண்பர்களே, இந்த இடத்தைக் கல்லூரி நூலகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது என்னால் மேற்கொண்டு பக்கம் புரட்ட இயலவில்லை.

என் தந்தையார் கல் உடைக்கும் தொழிலாளி. ஈராண்டுகளுக்கு முன் அவருக்குக் காசநோய் என்றார்கள். ஆறு மாதத்துக்கு மாத்திரை இலவசமாகவே கிடைத்தது. இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, பசி எடுத்தது. மாத்திரை குமட்டுகிறது, வேலைக்குப் போக முடியவில்லை என்று அவர் நிறுத்திவிட்டார். எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. விடுதியிலிருந்து ஊருக்குப் போன நான், அப்பா நன்றாகத் தேறிவிட்டார் என்று மகிழ்ந்து திரும்பினேனே தவிர, மாத்திரை என்னவாயிற்று என்று கேட்கவில்லை. ஓராண்டு கழித்து இருமல் மீண்டும் வந்தது. சளியைச் சோதித்தவர்கள், பழைய மருந்துகளில் ஒன்று இனி இவரிடம் வேலை செய்யாது என்றார்கள். அன்று அது எங்களுக்கு விதியாகத்தான் பட்டது. நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் அதைச் சுண்டெலியிடம் பார்த்து எழுதி வைத்துவிட்டார் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

எர்லிக்கின் மீதிக் கதை பலரும் அறிந்தது. 1908இல் நோபல் பரிசு மெச்னிகாஃப் என்பவரோடு சேர்த்து அவருக்கு வழங்கப்பட்டது. அதுவும் நோய் எதிர்ப்பாற்றல் ஆய்வுக்காகவே! டிரிப்பனோசோமாவை எண்ணித் தேடிய ஆர்சனிக் சேர்மங்களுள் ஒன்றாகிய 606ஐ, 1909இல் சகாச்சிரோ ஹாட்டா மேகநோய் ஏற்றிய முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். அடுத்த ஆண்டே அது சால்வர்சான் என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. புகழோடு பழியும் வந்தது. மருந்தின் தீய விளைவுகளைச் சொல்லி அவரைத் தூற்றினார்கள், வழக்கும் நடந்தது. ஓயாமல் சுருட்டுப் பிடித்தவர். வண்ண அட்டைகளில் அன்றன்றைய வேலையை எழுதி உதவியாளர்களுக்கு அனுப்பியவர். 1915 ஆகஸ்டு 20ஆம் நாள் மறைந்தார். யூதர் என்பதால் நாஜிகள் பிராங்க்பர்ட்டில் அவர் பெயரைத் தாங்கிய தெருவின் பெயரையும் மாற்றினார்கள்.

என் தந்தையார் இப்பொழுது வேறு மருந்துகள் உண்கிறார். மூன்றாம் மாதம் நடக்கிறது. சுண்டெலிக் கதையை அவரிடம் சொன்னேன். தம்மை எலியோடு சேர்த்துவிட்டேன் என்று சிரித்தார். தீர்ந்த மாத்திரை அட்டைகளை அம்மா சாமி படத்தின் கீழே அடுக்கி வைக்கிறார். ஊருக்குப் போகும் ஞாயிறுதோறும் நான் அவற்றை எண்ணிப் பார்க்கிறேன்.