6 நாளில் எழுந்த மண்கோட்டை.. கம்பெனியை மிரள வைத்த ஊமைத்துரை யார்?

கோவில்பட்டியில் இருந்து திருநெல்வேலி போகும் வழியில் கயத்தாறு வரும். 1799 அக்டோபர் 16-ம் தேதி வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட இடம். பெரும்பாலானோருக்கு கதை அங்கேயே முடிஞ்சு போகுது. ஆனா நிஜத்துல முடியல. அவரோட தம்பி குமாரசாமி, அதாவது நாம ஊமைத்துரைன்னு சொல்றவர், அதுக்குப் பிறகு 1801-ல் பல மாதங்கள் கம்பெனிப் படைக்கு தண்ணி காட்டினார்.

பாளையம்னா என்ன?

மதுரை நாயக்கர் ஆட்சியில் நாடு 72 பாளையங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு பாளையக்காரரும் ஒரு கோட்டை கட்டி, வரி வசூலித்து, படையும் வைத்திருந்தார். கரிசல் காட்டில் கல்லுக்கு எங்கே போவது? அதனால இங்கே பல கோட்டைகள் மண்ணால் ஆனவை. ஒட்டப்பிடாரம் பக்கத்தில் உள்ள பாஞ்சாலங்குறிச்சியும் அப்படித்தான். சுமார் 500 அடி நீளம், 300 அடி அகலம், 12 அடி உயர மண்சுவர், சுற்றிலும் முள்வேலி. அவ்வளவுதான்.

சிறையில் இருந்து தப்பியது எப்படி?

அண்ணன் இறந்த பின், கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. ஊமைத்துரை பாளையங்கோட்டை சிறையில் அடைக்கப்பட்டார். 1801 பிப்ரவரி 2, மாலை நேரம். கம்பெனி அதிகாரிகள் மேஜர் மெக்காலே வீட்டில் விருந்தில் இருந்தார்கள். அந்த நேரம் பார்த்து காவலர்களை மடக்கிவிட்டு ஊமைத்துரையும் உடன் இருந்தவர்களும் வெளியேறினார்கள். சுமார் 50 கிலோமீட்டர். விடியறதுக்குள்ள பாஞ்சாலங்குறிச்சி வந்து சேர்ந்துட்டாங்க.

ஒரு வாரத்தில் துரத்தி வந்த படைக்கு அதிர்ச்சி காத்திருந்தது. இடித்துத் தள்ளிய சுவர் மறுபடி எழுந்து நின்றது! வேலை நடந்தது வெறும் 6 நாள்தான். ஊரே கூடி மண் சுமந்தால்தான் இது முடியும்.

பீரங்கிக்கு ஏன் அசையவில்லை?

கல்சுவரில் குண்டு பட்டால் கல் சிதறும். பசையுள்ள மண்சுவரில் பட்டால் குண்டு உள்ளே புதைந்துவிடும். சரிந்த மண்ணை ராத்திரியோடு ராத்திரியாக அப்பிவிடலாம். மார்ச் 31-ல் நடந்த பெரிய தாக்குதலும் தோற்றது. பெரிய பீரங்கிகளோடு கர்னல் அக்னியூ வந்த பிறகு, மே 24-ல்தான் கோட்டை விழுந்தது.

பேச்சு இல்லை.. உத்தரவு உண்டு

ஊமைத்துரைக்கு சரியாகப் பேச வராது. எதிர்த்துப் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரியே பின்னாளில் அவரை வியந்து எழுதியிருக்கிறார். சில வைக்கோல் துண்டுகளை இடது உள்ளங்கையில் வைப்பாராம். அதுதான் வெள்ளைக்காரப் படை. மறு கையால் அதைத் துடைத்துத் தள்ளுவார். தாக்குதலுக்கு அதுவே சைகை.

கோட்டை விழுந்த அன்று அவர் படுகாயத்தோடு பிணங்களுக்கு நடுவே கிடந்தார். தன் மகனைத் தேடி வந்த ஒரு தாயிடம், குற்றுயிராகக் கிடந்த அந்த மகன் தன்னை விட்டுவிட்டு சாமியைக் காப்பாற்றச் சொன்னான். பெண்கள் ஊமைத்துரையைத் தூக்கிச் சென்றார்கள். கம்பெனிக்காகத் தேடி வந்த ஆட்கள் நெருங்கியதும், வெள்ளைத்துணியால் மூடி, அம்மை போட்டு செத்துட்டான்னு ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் பயந்து ஓடிட்டாங்க.

கடைசியில் என்ன ஆனது?

உடம்பு தேறியதும் சிவகங்கைச் சீமைக்குப் போய் மருது சகோதரர்களோடு சேர்ந்தார். அக்டோபர் 1-ல் காளையார்கோவில் வீழ்ந்தது. அக்டோபர் 24-ல் மருதுவர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். திண்டுக்கல் பக்கம் பிடிபட்ட ஊமைத்துரை, 1801 நவம்பர் 16-ல் அவர் எழுப்பிய கோட்டை இருந்த பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டார்.

கோட்டையை இடித்து, ஏர் பூட்டி உழுது, ஆமணக்கு விதைத்தார்கள் என்று இந்தப் பக்கம் பெரியவங்க இன்னைக்கும் சொல்வாங்க. இங்கிலாந்தில் கி.பி. 122-ல் ரோமானியர் தொடங்கிய ஹேட்ரியன் சுவரில், மைலுக்கு ஒன்றாக இருந்த சின்னக் கோட்டைகளின் அடித்தளம்கூட இன்று பத்திரமாக இருக்கிறது. நம்ம ஊர் மண்கோட்டைகளில் பலவற்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இப்போது பாஞ்சாலங்குறிச்சியில் நீங்க பார்ப்பது 1974-ல் தமிழக அரசு கட்டிய நினைவுக்கோட்டை. போனீங்கன்னா அதோடு திரும்பிடாதீங்க. பக்கத்திலேயே பழைய அரண்மனையின் அடித்தளம் இருக்கு. அதையும் ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க.